பாமாலை, கீர்த்தனை, துதிப்பாடல், புதுப்பாட்டு: கொழும்புத் தமிழ்ச் சபைகளின் ஆராதனை இசைக்கு எது பொருந்தும்?

கொழும்பிலுள்ள ஒரு தமிழ்ச் சபை தனது ஞாயிறு ஆராதனையின் இசையைப் பற்றித் தீர்மானிக்க அமரும்போது, பேச்சு வெகு விரைவில் முதியோருக்கும் இளையோருக்கும் இடையிலான வழக்காக மாறிவிடுகின்றது. ஓர்கனைத் திருத்துவதா, டிரம்ஸ் வாங்குவதா, பாட்டுப் புத்தகத்தை வைத்திருப்பதா, திரைக்கு மாறுவதா என்று கேள்விகள் கிளைக்கின்றன. இவை பயனற்ற கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆயினும் இரண்டாம் நிலைக் கேள்விகளே. பாடப்படும் சொற்கள் சபையாரின் வாயிலும் மனத்திலும் எவ்வளவு தங்குகின்றன, அவற்றை அங்கே கொண்டுசேர்ப்பதில் இசை எவ்வளவு துணைநிற்கின்றது, எந்த இடத்தில் அதுவே குறுக்கே வந்து நிற்கின்றது என்பதையே முதலில் கேட்கவேண்டும். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, எமக்கு முன்னால் உண்மையில் இருக்கும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். மேலைத்தேய மெட்டுகளில் தமிழாக்கிப் பாடப்படும் மரபான பாமாலை, இராக தாளத்தில் அமைந்த தமிழ்க் கீர்த்தனை, இக்காலத் துதிப்பாடல், சபையே இயற்றிக்கொள்ளும் புதுப்பாட்டு என்பனவே அவை.

என் சார்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. கீர்த்தனையை அடிப்படையாக வைத்து, ஏனைய மூன்றையும் ஆராதனையில் அவற்றுக்குரிய இடங்களில் சேர்த்துக்கொள்வதே கொழும்புச் சபைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியமாக, இசைக் கற்பனைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று அளவைப் பற்றி வாதிடுவதைக் காட்டிலும், அந்தக் கற்பனையை ஆராதனையின் எந்தப் பகுதியில் செலவிடுவது என்று இடத்தைப் பற்றித் தீர்மானிப்பதே பயன் தரும் என்று கருதுகின்றேன்.

கொழும்பு என்று இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு தமிழ் ஆராதனைக்குப் போனால், யாழ்ப்பாணத்தில் கீர்த்தனைகளோடு வளர்ந்த மூதாட்டியும், மலையகத்திலிருந்து தொழிலுக்காக வந்து குடியேறிய குடும்பமும், மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த மாணவரும், ஆங்கில மொழிமூலம் கற்றதால் தமிழைப் பேசினாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பதைக் காணலாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பியானோவில் மேலைத்தேய இசைத் தரப் பரீட்சைகளுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். அடுத்தவர் பாடசாலையில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுத்து, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் தோற்றியிருப்பார். இரண்டு இசை மரபுகளும் ஒரே சபைக்குள் உயிரோடு இருப்பது எமக்குக் கிடைத்த வசதி. அந்த வசதியைத்தான் பல சபைகள் சண்டைக்கான காரணமாக ஆக்கிக்கொண்டிருக்கின்றன.

பழைய வழக்கு

இசையா செய்தியா என்ற வழக்கு கிற்றாரோடு வந்ததல்ல. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ என்ற தமது தன்வரலாற்றின் பத்தாம் நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைக்கும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாகவே உணர்ந்ததாகத் திருச்சபைத் தந்தை அகஸ்தீன் ஒப்புக்கொள்கிறார்; அப்படிப்பட்ட வேளைகளில் பாட்டையே கேளாதிருப்பது நல்லது என்றுகூட அவருக்குத் தோன்றுகின்றது. ஆனாலும், செவிக்கு இனிமை கிடைப்பதால் பலவீனமான மனமும் பக்திக்கு எழும்பும் என்று சொல்லி, ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அங்கீகரிக்கும் பக்கமே அவர் சாய்கிறார். முழுவதும் தீர்க்காமல் விட்ட அவருடைய அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

1562ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு தரப்பும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது தெரியவரும். புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தவாதி கல்வினின் ஜெனீவாவில், சபையார் அனைவரும் ஒரே குரலில் பாடத்தக்க யாப்பில் வேதாகமத்தின் 150 சங்கீதங்களும் அவ்வாண்டில் நிறைவுபெற்றன. திரெந்து நகரில் கூடியிருந்த கத்தோலிக்கச் சங்கம், திருப்பலியின் இசையில் தகாத சாயல்கள் கலப்பதைத் தடுக்கும் ஆணையை அதே ஆண்டில் பிறப்பித்தது. இலங்கைக்கு 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் மரபுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்த மரபைத் தொடக்கிய யோன் வெஸ்லி 1761இல் வெளியிட்ட பாடும் முறைக்கான அறிவுரைகளில், ஊக்கத்தோடு பாடுங்கள், அதே வேளையில் மற்றவர் குரலை அமுக்கும்படி கத்தாதிருங்கள், தாளம் தப்பாதிருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்து, இறுதியில் எல்லாவற்றுக்கும் மேலாக, பாடும் ஒவ்வொரு சொல்லிலும் தேவனை நோக்கியிருங்கள், ஓசை உங்கள் இருதயத்தை இழுத்துச் சென்றுவிடாதபடி பாருங்கள் என்கிறார். தாளம் தப்பாதிருப்பதும் சொல்லில் கவனம் வைப்பதும் அவருக்கு ஒரே பட்டியலில் வருகின்றன என்பது என் கண்ணில் படுகின்றது. வேதத்திலும் அப்படியே. ‘வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள்’ என்று 33ஆம் சங்கீதம் கட்டளையிடுகின்றது. ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்று ஆமோஸ் ஐந்தாம் அதிகாரம் அதட்டுகின்றது. ‘ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்’ என்ற பவுலின் சொற்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

பாமாலை

பாமாலைகளின் பெரும் பலம் அவற்றின் பொருட்செறிவு. தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனின் மரபில், 18ஆம் நூற்றாண்டில் யோகான் பிலிப் பப்ரிசியஸ் போன்றோர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கித் தந்தார்கள். பின்னர் ஆங்கில மரபின் பாடல்களும் வந்து சேர்ந்தன. திருவருகைக் காலம் தொடங்கித் திரித்துவ ஞாயிறு வரை, திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு காலத்துக்கும் அவற்றில் பாட்டு உண்டு. ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் அடக்க ஆராதனைக்கும் உண்டு. நான்கு அடிகளுக்குள் படைப்பு, வீழ்ச்சி, மீட்பு மூன்றையும் அடக்கிவிடும் பாடல்கள் இவற்றில் ஏராளம். மெட்டுகள் பெரும்பாலும் சாதாரணக் குரலின் எல்லையைத் தாண்டாதவை. ஒரு முறை கற்றால் அதே யாப்பிலுள்ள வேறு பாடலுக்கும் அந்த மெட்டு உதவும். வாத்தியம் இல்லாமலும் நிற்கும். 2022இன் முற்பகுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் நீடித்த காலத்தில், மின்சாரத்தை நம்பிய இசை ஓய்ந்த இடங்களில் இது ஒரு சிறிய விடயமாக இருக்கவில்லை.

பலவீனம் தமிழோடு தொடர்புடையது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுகின்றவை. ஜெர்மன், ஆங்கில மெட்டுகளோ அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டவை. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து அமர்ந்தால், பாடுகின்றவர் ‘விடு’ என்பதை ‘வீடு’ என்றே பாட நேர்கின்றது. தலைமுறைகளாகப் பாடிப் பழகியவர்களுக்கு இது காதில் விழாது. பாடலைப் புதிதாகக் கேட்கும் இளையவருக்கோ அந்த வரி விளங்காது. பழைய சமஸ்கிருதச் சொற்களும் சேரும்போது, பொருட்செறிவு என்று நாம் பெருமைப்படும் அந்தச் செறிவே கதவடைத்துவிடுகின்றது. ஓர்கன் வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருவது இன்னொரு சிக்கல், ஆனால் பியானோவோ ஒரு நல்ல பாடகர் குழுவோ அதை ஈடுசெய்துவிடும்.

கீர்த்தனை

கீர்த்தனையைப் பற்றிப் பேசும்போது, அதை ‘பழையது’ என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அது தோன்றிய காலத்தில் அதுவே துணிச்சலான புதுமை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கற்றவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் உடன்மாணாக்கர். அரசவையிலும் கோயில்களிலும் ஆடிப் பாடப்பட்டுவந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியவர். கும்மி போன்ற, ஊர் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வடிவங்களுக்குள் வேதாகமச் செய்தியை வைத்தவர். செய்தியைக் காப்பாற்றுவதற்காக இசையைக் குறைத்துக்கொண்டவர் என்று அவரை யாரும் சொல்லமுடியாது. மக்களின் காதுக்குப் பழகிய இசைக்குள்தான் செய்தி இறங்கும் என்று கண்டவர் அவர். இந்தத் தீவிலும் அத்தகைய மரபு உண்டு. கோவாவிலிருந்து ஒல்லாந்தர் காலத்தில் வந்து இங்கே மறைவாகப் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் தந்த, கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரி போன்ற இராகத்தில் இழுத்து வாசிக்கும் வழக்கம் வட இலங்கைக் கத்தோலிக்கரிடையே இருந்துவந்துள்ளது. கேட்போர் அழுவது இசைக்காகவா, பொருளுக்காகவா என்று அங்கே பிரித்துப் பார்க்க இயலாது.

அமைப்பளவில் கீர்த்தனைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பல்லவி ஒரு கருத்தை முன்வைக்கின்றது. அனுபல்லவி அதை விரிக்கின்றது. சரணங்கள் ஒவ்வொன்றும் ஒரு காட்சியையோ காரணத்தையோ சொல்லிவிட்டுப் பல்லவிக்கே திரும்புகின்றன. வாசிக்கத் தெரியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொள்வார். வாசிக்கத் தெரிந்தவருக்குச் சரணங்களில் படிப்பினை உண்டு. கொழும்புச் சபையின் கலவையான வாங்குக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் காணவில்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை பல்லவியை இரண்டு வாரத்தில் மனனம் செய்துவிடும்; சரணங்களைப் பாடகர் குழு பாட, பல்லவியைச் சபை ஏற்றுப் பாடும் முறையும் அதற்கு இயல்பானதே.

ஆனால் இன்றைய நடைமுறையில் கீர்த்தனை மூன்று வகையில் சேதப்படுகின்றது. முதலாவது, சரணங்களை வெட்டுவது. நேரம் போதாது என்று முதல் இரண்டு சரணங்களோடு நிறுத்திவிடுகிறோம். கிறிஸ்துவின் பாடுகளை வரிசையாகச் சொல்லும் ஒரு நீண்ட கீர்த்தனையை அப்படி நிறுத்தினால், அவரைக் கெத்செமனேயிலேயே விட்டுவிட்டு நாம் காணிக்கைக்குப் போய்விடுகிறோம். செய்தியைக் காப்பதற்காகப் புதிய பாடல்களை எதிர்க்கும் அதே பெரியவர்கள் இந்த வெட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இரண்டாவது, கீபோர்டில் முன்பதிவாயிருக்கும் தாளங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் நான்கு நான்காகப் பிரிவதால் சாதாரணத் தாளப் பதிவோடு அது ஒத்துப்போகும். ரூபகத்தையும் மூன்றின் கணக்கில் சமாளித்துவிடலாம். மூன்றும் நான்குமாக ஏழில் நடக்கும் மிஸ்ர சாபுவில் அமைந்த கீர்த்தனையை நான்கின் தாளத்துக்குள் திணிக்கும்போதுதான் குழப்பம் வருகின்றது. ஒவ்வொரு தாளச் சுற்றிலும் ஓர் எண்ணிக்கையை எங்கேயாவது நீட்டியாகவேண்டும். அந்த நீட்டல் வந்து விழும் எழுத்து பெரும்பாலும் நீளக்கூடாத எழுத்தாகவே இருக்கும். இராகத்திலும் அப்படியே. சங்கராபரணத்தில் அமைந்த பாடல் மேலைத்தேய ஸ்வரக்கூட்டுகளை (chords) இயல்பாக ஏற்கும், மோகனமும் ஓரளவு ஏற்கும். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்தில் உயிர்வாழும் தோடிக்கோ ஆனந்தபைரவிக்கோ அவற்றை அடுக்கினால் இராகத்தின் முகமே மாறிவிடும். அத்தகைய பாடல்களுக்குக் கீபோர்ட் ஸ, ப என்ற ஷட்ஜ பஞ்சமத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டிருக்க, வயலினோ புல்லாங்குழலோ குரலைத் தொடர்வது போதும். தபேலா வாசிக்கும் ஓர் இளைஞர் கிடைத்தால் தாளச் சிக்கலும் தீரும்.

மூன்றாவது, கச்சேரி மனப்பான்மை. சங்கீதம் கற்றவர் முன்னே நின்று ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடி, பல்லவிக்குச் சங்கதி மேல் சங்கதி போடத் தொடங்கினால், சபை மெல்ல வாயை மூடிக்கொள்கின்றது. துதிப்பாடல் குழுவினர் மேடையை அரங்கமாக்குகின்றனர் என்று குறைசொல்வோர் இதையும் அதே பட்டியலில் சேர்க்கவேண்டும்.

சுருதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ப) முதல் தார ஷட்ஜம் (மேல் ஸ்தாயியின் ஸ) வரை செல்லும் மெட்டை 2 கட்டைச் சுருதியில் வைத்தால், பெண்கள் ஒரு ஸ்தாயியிலும் ஆண்கள் அதற்குக் கீழுள்ள ஸ்தாயியிலுமாக, பயிற்சியில்லாதவரும் சிரமமின்றிப் பாடமுடியும். மெட்டு தார காந்தாரம் வரை ஏறினால் அதற்கேற்பச் சுருதியைக் கீழே இறக்கவேண்டும். பாடகருக்கு வசதியான கட்டையில் அன்றி, சபைக்கு வசதியான கட்டையில் பாடுவது என்ற இந்த ஒரு முடிவே சபையின் குரலைக் கணிசமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

துதிப்பாடல்

இக்காலத் துதிப்பாடல்கள் மீது பொதுவாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடிகின்றன. அங்கே ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கு முன்னால் புதிய காரணம் ஒன்று, படைப்போ செங்கடலோ வனாந்தரமோ, வந்து நிற்கின்றது என்பதுதான் வேறுபாடு. ஆகவே ஒரு பாடலைத் தெரிவுசெய்யும் குழு எத்தனை முறை திரும்ப வருகின்றது என்று எண்ணுவதை விட்டு, திரும்ப வரும் வரிக்கு இடையில் பாடல் ஏதேனும் சொல்கின்றதா என்று பார்க்கட்டும்.

இப்பாடல்களின் நன்மைகள் உண்மையானவை. எளிய அன்றாடத் தமிழ். தேவனோடு நேரே பேசும் நெருக்கம். ஓரிரு முறை கேட்டதும் பிடிபடும் மெட்டு. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கும் கூட்டு ஆராதனைகளில், மூன்று மொழியினரும் ஒரே மெட்டை அறிந்திருப்பது இவ்வகைப் பாடல்களில்தான் அதிகம். சபையை விட்டு விலகிக்கொண்டிருந்த இளையோர் இவற்றின் மூலம் திரும்பி வந்ததை நான் அறிந்த பல சபைகள் கண்டிருக்கின்றன, அதைச் சிறிதாக்கிப் பேசுவது அநியாயம்.

சிக்கல்களில் சில இசை சார்ந்தவை. இப்பாடல்களில் பல, தனிப் பாடகர் ஒருவரின் குரலுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. பதிவில் அவர் முதல் பகுதியைத் தாழ்ந்த ஸ்தாயியில் பாடிவிட்டு உச்சப் பகுதியில் ஒரு ஸ்தாயி மேலே தாவுவார். காதொலிப்பானில் கேட்க அது அழகு, ஞாயிற்றுக்கிழமை காலை பாடிப் பார்க்கும் அறுபது வயதுத் தகப்பனாருக்கு அது எட்டாது. யூடியூப் பதிவின் அதே சுருதியில், அதே இடையிசையோடு வாசித்துவிடவேண்டும் என்று எமது இளைஞர்கள் படும் பாடு, அவர்களுடைய சொந்தக் கற்பனைக்கே தடையாகின்றது. ‘புதுமை’ என்ற பெயரில் நடப்பது பல வேளைகளில் நகலெடுப்பு. கட்டிடத்தையும் பார்க்கவேண்டும்: 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஆலயத்தைப் போன்று தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய ஆலயங்களில், பாடகர் குரலையும் ஓர்கனையும் அழகாக்கும் அதே எதிரொலி டிரம்ஸ் ஓசையைக் குழப்பி, சொற்களை முதலில் விழுங்கிவிடும்.

பொருள் சார்ந்த சிக்கலே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை என்பது வேதாகம ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் கணிப்பு. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகின்றது. எமது துதிப்பாடல் பட்டியல்களில் புலம்பல் எங்கே இருக்கின்றது? 1983 கலவரத்தையும் 2009 வரையான போரையும் கடந்துவந்த மக்கள், காணாமற்போன பிள்ளையின் படத்தை இன்னும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கும் தாய்மார், இந்த வாங்குகளில் இருக்கின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தபின் வந்த வாரங்களில், வெற்றியையும் செழிப்பையும் மாத்திரமே பாடப் பழகியிருந்த சபைகளிடம் எதைப் பாடுவது என்று தெரியாத நிலை இருந்தது. அந்த வாரங்களில் கைகொடுத்தவை பெரிய வெள்ளிக்குரிய பாமாலைகளும் பழைய சிலுவைக் கீர்த்தனைகளுமே.

இதனால் துதிப்பாடல்களை ஒதுக்கிவிடவேண்டும் என்பது பொருளல்ல. ஆராதனையின் தொடக்கத்திலும் நற்செய்திக்குப் பின்னான மறுமொழியிலும் அவற்றுக்கு இயல்பான இடம் உண்டு. முழு ஆராதனையையும் அவற்றிடம் ஒப்படைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சபை தானே இயற்றுவது

நான்காவது வழியைப் பெரும்பாலான குழுக்கள் ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. இலங்கை மெதடிஸ்தரான டி. டி. நைல்ஸ் (1908–1970) 1960களின் முற்பகுதியில் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பாடல் நூலைத் தொகுத்தபோது, ஆசிய நாடுகளின் மெட்டுகளைத் தேடியெடுத்து அவற்றுக்கு ஏற்பத் தாமே ஆங்கிலத்தில் பாடல்கள் இயற்றிச் சேர்த்தார். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் உலகத் திருச்சபைக்கு ஆசிய மெட்டுகளைக் கொடுத்திருக்க, இன்று நாம் அடுத்த நாட்டுப் பதிவுகளுக்காகக் காத்திருக்கிறோம். சிங்கள நாட்டார் இசையை அங்கிலிக்கன் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த தேவார் சூரியசேனவின் பணியும் இதே நகரத்தின் வரலாறுதான். கத்தோலிக்கருக்கு இதற்கான அனுமதி எழுத்திலேயே இருக்கின்றது: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஆவணம், மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொல்கின்றது, அதே அதிகாரத்திலேயே, பாடலின் சொற்கள் திருச்சபையின் போதனைக்கு இசைந்தவையாக, முக்கியமாகத் திருமறையிலிருந்தும் வழிபாட்டு மூலங்களிலிருந்தும் எடுக்கப்படவேண்டும் என்றும் வரையறுக்கின்றது. இசைக்கு அகலமான கதவு, சொல்லுக்குக் கண்டிப்பான காவல். புரட்டஸ்தாந்து சபைகளும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க ஏற்பாடு அது.

இவ்வழியின் செலவு பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கின்றது. தமிழ் யாப்பு அறிந்த ஒருவர், மெட்டமைக்கக்கூடிய ஒருவர், வேதப்பொருளைச் சரிபார்க்கும் குருவானவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமரவேண்டும். சொற்களை முதலில் மெட்டில்லாமல் உரக்க வாசித்துப் பார்ப்பது நல்லது. வாசிக்கும்போது வெறுமையாக ஒலிக்கும் வரியை மெட்டு மறைத்துவிடும், திருத்தாது. அந்த ஞாயிறுக்குரிய சங்கீதத்தைப் பல்லவி சரணமாக அமைப்பது தொடக்கத்துக்கு மிக எளிய பயிற்சி. புதுப்பாட்டை ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து சில வாரங்கள் பாடி, சபை பிடித்துக்கொள்ளவில்லையென்றால் மனவருத்தமின்றிக் கைவிடவும் துணியவேண்டும். இன்னொரு நடைமுறை நன்மையும் உண்டு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை இயற்றியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிப்பதால், பிறர் பாடலின் சொற்களை எமது விருப்பப்படி மாற்றி இணையத்தில் ஒளிபரப்புவதில் உள்ள சங்கடம் சொந்தப் பாடலுக்கு இல்லை.

எப்படிக் கலப்பது

நான்கையும் கலந்துவிடுவோம் என்பதே குழுக்கள் வழக்கமாக எட்டும் சமரசம். அது பங்கீடாக நடக்கும்போது, அதாவது பெரியவர்களுக்கு ஒரு பாமாலை, பிள்ளைகளுக்கு ஒரு கோரஸ் என்று ஒதுக்கப்படும்போது, ஒவ்வொரு தரப்பும் தன் பாட்டுக்காகக் காத்திருந்து மற்றதைச் சகித்துக்கொள்ளும். ஆராதனையின் ஒழுங்கே பாட்டைத் தெரிவுசெய்யட்டும். திருப்பலியில் வருகைப்பா, காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருப்பதால் கத்தோலிக்கப் பாடகர் குழுக்களுக்கு இந்த வாதம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. எமது சபைகளிலும் தொடக்கத்துக்குத் துதிப்பாடல், பாவ அறிக்கைக்குக் கீர்த்தனை, விசுவாசப் பிரமாணத்தை ஒட்டிப் பாமாலை, வேதவாசிப்புக்கு மறுமொழியாகச் சபையின் சொந்தச் சங்கீதம் என்று வேலையின்படி வகுத்தால், எந்தப் பாட்டும் எந்த வயதினருக்கும் சொந்தமாகாது.

இனி, கற்பனைக்கு எங்கே இடம் என்ற கேள்வி. சபை சேர்ந்து பாடும் மெட்டும் சொல்லும் வாரத்துக்கு வாரம் மாறாதிருக்கட்டும். அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலும் இசைஞருக்குத் தாராளமான சுதந்திரம் கொடுக்கலாம். பாவ அறிக்கைக்கு முன் வயலினில் ஓர் ஆலாபனை, திருவிருந்து பரிமாறப்படும் வேளையில் கிற்றாரும் புல்லாங்குழலும் மாறி மாறி வாசிப்பது, ஒரு சரணத்துக்கு எல்லா வாத்தியங்களையும் நிறுத்திச் சபையின் குரலை மாத்திரம் ஒலிக்கவிடுவது, பாமாலையின் இறுதிச் சரணத்துக்குப் பாடகர் குழு புதிய எதிர்க்குரல் அமைப்பது, பிரசங்கத்துக்குப் பின் தனிப்பாடல் என்று இவற்றில் எவ்வளவு துணிந்தாலும் சபையின் வாயிலிருந்து ஒரு சொல்லும் பறிபோகாது. கச்சேரி செய்யும் கீர்த்தனைக்காரருக்கும் பதிவை நகலெடுக்கும் கிற்றார்க்காரருக்கும் தங்கள் திறமையை முழுமையாகக் காட்ட இங்கேதான் இடம்.

எல்லாச் சபைகளுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. தெஹிவளையில் மாடி மண்டபமொன்றில் ஒரு கிற்றாரோடு கூடும் சிறு சபை, எளிய பல்லவிகளும் சில துதிப்பாடல்களும் போதும் என்று தொடங்கலாம். பாமாலைகளை அவர்கள் திருநாட்களுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஓர்கனும் பாடகர் குழுவும் உள்ள பழைய சபை, இருப்பதை இழக்காமல் கீர்த்தனைக்குத் தாள வாத்தியக்காரர் ஒருவரைத் தேடுவதில் முயற்சியைச் செலவிடலாம். மும்மொழி இளைஞர் ஆராதனையில் துதிப்பாடல் முன்னிற்பது இயல்பே, ஆயினும் மாதத்துக்கு ஒரு புலம்பல் சங்கீதமாவது அங்கே பாடப்படவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

தீர்மானம் எடுத்தபின் அதிகாரத்தையும் பிரித்துக்கொடுப்பது நல்லது. சொற்களின் மீது இறுதி முடிவு குருவானவருடையதாக இருக்கட்டும், மெட்டும் வாத்தியமும் இசைக்குழுத் தலைவருடையவை. சுருதியைச் சபையில் சாதாரணக் குரல் கொண்ட ஓர் ஆணும் பெண்ணும் பாடிப் பார்த்துச் சொல்லட்டும். ஒலியளவை மேடையில் நிற்பவர்கள் தீர்மானிக்கக்கூடாது. கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் ஒருவர், தம் பக்கத்திலிருப்பவர் பாடும் சொற்கள் தமக்குக் கேட்கவில்லையென்று கையை உயர்த்தினால், ஒலிக்கட்டுப்பாட்டில் இருப்பவர் உடனே குறைக்கவேண்டும்.